ஆவாரங்காயைக் குலுக்கிப் பாருங்கள்

நாற்றங்கால் வேலைக்கு வந்த புதிதில் 200 பைகளில் ஆவாரை விதை ஊன்றினேன். ஒரு மாதம் தண்ணீர் ஊற்றியும் இருபது பையில்கூட முளைப்பு இல்லை. விதை கொடுத்தவரைத் திட்டித் தீர்த்தேன். தப்பு என்னுடையது.

ஆவாரை விதையின் தோல் தண்ணீரை லேசில் உள்ளே விடாது. மழை நிலைக்குமா என்று தெரியாத கரட்டு நிலத்தில், முதல் தூறலுக்கே எல்லா விதையும் முளைத்தால் அடுத்த வெயிலில் அத்தனையும் கருகிவிடும். அதனால் கொஞ்சம் இப்போது, கொஞ்சம் பிறகு என்று முளைக்கிறது. நமக்குத்தான் அவசரம். கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, சற்று ஆறவிட்டு, விதையை அதில் போட்டு ஒரு ராத்திரி வைத்தால் போதும். காலையில் உப்பியதை ஊன்றுங்கள். உப்பாததை மறுபடி ஊறவையுங்கள். அடுப்பில் வைத்து வேகவிட்டால் சுண்டல்தான்.

காய் பறிப்பதிலும் பொறுமை வேண்டும். பச்சைக் காயைப் பறித்து உலர்த்தினால் விதை சுருங்கிவிடும். காகிதம்போலத் தட்டையான காய் பழுப்பாகி, குலுக்கினால் சலசலக்க வேண்டும். பனி உலர்ந்தபின் பறிப்பது நல்லது. காயில் குண்டூசி குத்தியதுபோல ஓட்டை இருந்தால் வண்டு முந்திக்கொண்டது என்று அர்த்தம். அப்படிப்பட்ட விதை தண்ணீரில் பெரும்பாலும் மிதக்கும், தள்ளிவிடலாம். சாலையோர மஞ்சள்கொன்றையின் காயையும் இதுதான் என்று சிலர் கொண்டுவருகிறார்கள். அது மரம், காயும் இதைவிட நீளம்.

ஆனால் இப்போது பறிக்கக் காயே கிடைப்பதில்லை. காரணம் ஆவாரம்பூத் தேநீர். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று சொல்லிக்கொண்டே கிளையோடு முறித்துச் சாக்கில் திணிக்கிறார்கள். காப்புக் கட்ட ஒரு கொத்து ஒடிப்பது வேறு, ஊருக்கே விற்க ஒரு கரட்டையே மொட்டையடிப்பது வேறு. பூ போனால் மகரந்தம் தேடி வரும் கருவண்டுக்கும் வேலை இல்லை, காயும் இல்லை.

பூ வேண்டுமென்றால் ஒரே செடியில் உருவாமல் பத்துச் செடியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளுங்கள். விதையும் அப்படித்தான்: பல செடிகளிலிருந்து எடுங்கள், பாதிக்கு மேல் செடியிலேயே விடுங்கள். ஆணிவேர் ஆழமாக இறங்கும் என்பதால் பையில் வளர்ப்பதைவிட ஐப்பசி மழைக்கு முன் நேராக நிலத்தில் ஊன்றுவதே எனக்குப் பலன் தந்திருக்கிறது. அந்த 200 பைகளில் சில விதைகள், நான் மண்ணைக் கொட்டிய வேலியோரத்தில் மறுவருடம் தானாக முளைத்தன.