வியர்வைக்கு நாற்றம் கிடையாது

மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கும் பெண் சென்ற வாரம் கேட்ட கேள்வி இது. "சார், நாலு வருஷமா ரோல்-ஆன் போட்டுட்டு இருந்தேன். அதுல உள்ள அலுமினியம் கெடுதின்னு சொன்னாங்க. அதை விட்டுட்டு தேங்காய் எண்ணெய், சமையல் சோடா எல்லாம் சேர்த்த இயற்கை டியோடரன்ட் வாங்கினேன். ரெண்டு வாரமாச்சு, முன்னைவிட மோசமா இருக்கு. இத்தனை வருஷமா சேர்ந்த நஞ்செல்லாம் வெளியே போகுது, ஒரு மாசம் பொறுத்துக்கன்னு வித்த அக்கா சொல்லுதாங்க. கஸ்டமர் பக்கத்துல நிக்கவே கூச்சமா இருக்கு. பொறுக்கணுமா?"

பொறுக்க வேண்டியதில்லை. நஞ்சு எதுவும் வெளியேறவும் இல்லை. உடம்பின் கழிவைப் பிரித்து அனுப்புவது கல்லீரலும் சிறுநீரகமும். அக்குளுக்கு அந்த வேலை கிடையாது. ஆனால் அவர் சொல்லும் இரண்டு வாரம் கற்பனை இல்லை. அந்த நாட்களில் அக்குளில் உண்மையாகவே ஒரு மாற்றம் நடக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் வியர்வையின் மேல் உள்ள பழியைத் துடைக்க வேண்டும்.

நம் தோலில் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் உண்டு. பெரும்பாலானவை உப்புத் தண்ணீரைச் சுரந்து உடம்பைக் குளிர்விப்பவை. இது பள்ளியில் படித்ததுதான். அக்குளில் இவற்றோடு அபோக்ரைன் என்ற இன்னொரு வகையும் சேர்ந்திருக்கிறது. பூப்பெய்தும் வயதில்தான் அது வேலையைத் தொடங்கும். அதிலிருந்து வருவது கொஞ்சம் கொழுப்பும் புரதமும் கலந்த கெட்டியான திரவம். இந்த இரண்டுக்குமே, சுரந்த நிமிடத்தில், நாற்றம் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது.

குலசேகரம் பக்கம் வளர்ந்த எனக்கு இதைப் புரிந்துகொள்ள ரப்பர் போதும். விடியற்காலையில் பால் வெட்டியதும் சிரட்டையில் சொட்டுவதை முகர்ந்து பாருங்கள், பெரிதாக ஒன்றும் இருக்காது. அதே பால் மரப்பட்டையிலும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்ந்து ஒட்டுப்பாலாகி, சாக்கில் நாலு நாள் கிடந்தபின் அந்தப் பக்கம் போக முடியாது. சின்ன வயதில் அந்தச் சாக்கைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போன நாட்களில் சட்டையை இரண்டு முறை மாற்றியும் போகாது. பாலில் உள்ள புரதத்தையும் சர்க்கரையையும் நுண்ணுயிர்கள் தின்று, காற்றில் பறக்கக்கூடிய கொழுப்பு அமிலங்களை வெளியே விட்டிருக்கும். நாற்றம் மரத்திலிருந்து வரவில்லை, தின்றவர்களிடமிருந்து வருகிறது. அக்குளிலும் இதுதான் கதை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். நாற்றம் தரும் மூலக்கூறுகள் அபோக்ரைன் திரவத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. ஆனால் பூட்டிய நிலையில் இருக்கின்றன. வெங்காய நெடி அடிக்கும் தயோஆல்கஹால் என்ற கந்தகச் சேர்மத்தை எடுத்துக்கொள்வோம். நம் சுரப்பி அதைத் தனியாக அனுப்புவதில்லை. சிஸ்டீன், கிளைசின் என்ற இரண்டு அமினோ அமிலங்களோடு கோத்து அனுப்புகிறது. அமினோ அமிலங்கள் தண்ணீரில் கரைபவை, கனமானவை. அவற்றோடு கட்டப்பட்டிருக்கும் வரை அந்த மூலக்கூறு காற்றில் எழும்பாது. காற்றில் எழும்பாதது மூக்கை எட்டாது.

அக்குளில் குடியிருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஹோமினிஸ் என்ற பாக்டீரியாவுக்கு இந்தக் கோவை ஒரு சாப்பாட்டுப் பொட்டலம். அதன் மேலுறையில் சிறு புரதத் துண்டுகளை உள்ளே இழுக்கும் ஒரு வாயில் இருக்கிறது, கோவை அதன் வழியாக முழுசாக உள்ளே போகிறது. உள்ளே ஒரு நொதி முதலில் கிளைசினைக் கழற்றுகிறது. அடுத்த நொதி சிஸ்டீனின் கார்பனுக்கும் கந்தகத்துக்கும் நடுவே உள்ள பிணைப்பைச் சரியாக அந்த ஒரே இடத்தில் வெட்டுகிறது. சிஸ்டீன் துண்டு பைருவேட்டாகவும் அம்மோனியாவாகவும் உடைய, பாக்டீரியா அதை எடுத்துக்கொள்கிறது. கையில் மிஞ்சும் தயோஆல்கஹாலை வெளியே தள்ளிவிடுகிறது. பலாச் சுளையைத் தின்றவர் கொட்டையைப் போடுவது போல. அந்தக் கொட்டைதான் நம் நாட்டில் கற்றாழை நாற்றம் என்று பெயர் வாங்கியிருக்கிறது. ஒரு லிட்டர் காற்றில் ஒரு கிராமின் லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும்.

இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தினர், யூனிலீவர் நிறுவன விஞ்ஞானிகளோடு சேர்ந்து, 2020-ல் இந்த வெட்டும் நொதியை விவரித்தார்கள். அதற்கான மரபணுவை எடுத்து, நாற்றம் உண்டாக்கத் தெரியாத வேறொரு ஸ்டாஃபிலோகாக்கஸுக்குள் வைத்தார்கள். அதுவும் நாற்றத்தை உண்டாக்கியது. ஒரே ஒரு நொதிதான் வித்தியாசம். இந்தப் பாக்டீரியா வரிசைக்கு அந்த மரபணு ஏறக்குறைய 6 கோடி ஆண்டுகளுக்கு முன் கிடைத்தது என்றும் கணித்தார்கள். மனிதன் என்ற இனமே இல்லாத காலம் அது. முதல் முறை படித்தபோது அன்று முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்குளில் இன்னொரு கூட்டமும் உண்டு, கோரினிபாக்டீரியம். அது வேறு பூட்டைத் திறக்கிறது. குளூட்டமினோடு கட்டிய அமிலங்களை அவிழ்த்துவிடுகிறது. அது ஆட்டுக்கிடா நெடி. ஆக அக்குளில் முக்கியமாக இரண்டு நாற்றம்: ஒன்று அமிலம், ஒன்று கந்தகம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சோடாவைப் பேசும்போது தேவைப்படும்.

சரி, ரோல்-ஆன் என்ன செய்கிறது? இதற்கும் ரப்பர்தான். ரப்பர் பாலில் மிதக்கும் நுண்துகள்கள் எதிர்மின்னூட்டம் உள்ளவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால் பால் பாலாகவே இருக்கிறது. பார்மிக் ஆசிட் ஊற்றினால் அந்த மின்னூட்டம் தணிந்து துகள்கள் ஒட்டிக்கொள்ளும், பால் உறையும். ரோல்-ஆனில் உள்ள அலுமினிய உப்பு நேர்மின்னூட்டம் மிகுந்தது. வியர்வைக் குழாயின் வாயில் இறங்கியதும் அங்குள்ள புரதங்களைச் சேர்த்து உறைய வைக்கிறது. குழாய் வாயில் ஒரு கட்டி அடைப்பு. 2017-ல் பிரான்சில் ஒரு குழு, வியர்வைத் துளை அளவுக்கு நுண்ணிய செயற்கைக் குழாய் செய்து, இந்த அடைப்பு உருவாவதையே நேரில் பார்த்தது. தோல் உரிந்து புதுப்பிக்கும்போது அடைப்பும் போய்விடும். அதனால்தான் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கிறது. கடையில் டியோ என்று விற்கும் ஸ்பிரேக்களில் பெரும்பாலானவை வெறும் ஆல்கஹாலும் நறுமணமும்தான். அவை வியர்வையை அடைப்பதில்லை.

ஆகவே ரோல்-ஆனை நிறுத்தினால் முதலில் நடப்பது, அடைப்பு விலகி ஈரம் திரும்புவது. நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு, கடல் காற்றும் உண்டு. வியர்வை காயாமல் தேங்கும். ஈரம் திரும்பிய இடத்தில் பாக்டீரியாவும் திரும்பும். 2016-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் 17 பேரை வைத்து ஒரு சிறு ஆய்வு செய்தார்கள். ரோல்-ஆன் போன்ற வியர்வை அடைப்பான் போடுகிறவர்கள் அதை நிறுத்திய சில நாட்களிலேயே, அவர்களுடைய அக்குள் பாக்டீரியாவின் எண்ணிக்கை எதுவும் போடாதவர்களின் அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் குடியிருப்பவர்கள் வேறு. எப்போதும் எதுவும் போடாதவர்களிடம் 62 சதவீதம் கோரினிபாக்டீரியம், 21 சதவீதம் ஸ்டாஃபிலோகாக்கஸ் குடும்பம். நிறுத்தியவர்களிடம் தலைகீழ்: ஸ்டாஃபிலோகாக்கஸ் குடும்பம் 60, கோரினிபாக்டீரியம் 14. பதினேழு பேர் குறைவுதான். இருந்தாலும் மாறியவர்கள் சொல்லும் அனுபவத்தோடு இது பொருந்துகிறது. நெடி கூடுவதோடு, அதன் தன்மையும் முன்பு போல இல்லை என்பார்கள். இதற்கு நஞ்சு வெளியேறுவது என்று பெயர் சூட்டினால் ஒரு பெண் ஒரு மாதம் கூனிக்குறுகி நிற்க வேண்டியிருக்கிறது. ஜோசியமும் இதுவும் எனக்கு ஒன்றுதான். விற்பவர்கள் இந்தச் சொல்லை விட்டுவிட வேண்டும்.

இப்போது சோடா. மீன் வெட்டிய கையில் புளியைத் தேய்த்துக் கழுவுவது இங்கே எல்லா வீட்டிலும் பழக்கம். புது மீனுக்கு நெடி மிகக் குறைவு. அதன் தசையில் உள்ள ஒரு சேர்மத்தை பாக்டீரியா டிரைமெத்தில்அமீன் ஆக்கும்போதுதான் நாறும். அது காரம். புளி அமிலம். இரண்டும் சேர்ந்தால் உப்பு, உப்பு காற்றில் பறக்காது. சமையல் சோடா இதையே திருப்பிச் செய்கிறது. கோரினிபாக்டீரியம் அவிழ்த்துவிட்ட அமிலத்தைப் பிடித்து உப்பாக்கிவிடும், ஆட்டு நெடி அடங்கும். ஆனால் தயோஆல்கஹால் மிக பலவீனமான அமிலம். சோடாவின் காரத்தன்மை அதைப் பிடிக்கப் போதாது. வெங்காய நெடி அப்படியே நிற்கும். ஸ்டாஃபிலோகாக்கஸ் பெருகிய அக்குளில் சோடாவை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்று இப்போது உங்களுக்கே தெரியும். இன்னொன்று, தோல் இயல்பாகவே லேசான அமிலத்தன்மை கொண்டது, பிஎச் ஏறக்குறைய 5. சோடாக் கரைசல் 8-க்கு மேல். தினமும் போட்டால் பலருக்குச் சிவந்து எரியும். எரிந்தால் அன்றே நிறுத்துங்கள்.

மீனைப் பற்றிப் பேசியதால் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. 2021 டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுவிட்டுத் திரும்பிய ஒரு மூதாட்டியை நாற்றம் அடிக்கிறது என்று பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் பேருந்து நிலையத்தில் நின்று அழுததை நாடே பார்த்தது. கூடையில் பாக்டீரியா செய்த ஒரு வேதிவினைக்கு ஒரு மனுஷியைத் தண்டித்தார்கள். நாற்றம் எப்படி உண்டாகிறது என்று பள்ளியிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு அந்தக் காட்சி ஒரு காரணம்.

இயற்கை டியோடரன்டில் உள்ள மற்றவை மோசமில்லை. தேங்காய் எண்ணெயின் கொழுப்பில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். இந்த வகைப் பாக்டீரியாக்களை அது அடக்கக்கூடியது. கூவை மாவு ஈரத்தை உறிஞ்சும். துத்தநாக ஆக்சைடு சேர்த்தது கிடைத்தால் இன்னும் நல்லது. 1888-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முதல் டியோடரன்டே துத்தநாக ஆக்சைடு களிம்புதான். ஆனால் "அலுமினியம் இல்லாத இயற்கைப் படிகக் கல்" என்று விற்பதை வாங்கும்முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். அது படிகாரம். சவரம் முடிந்ததும் சலூனில் தண்ணீரில் நனைத்துக் கன்னத்தில் தேய்ப்பார்களே, அதே வழவழப்பான வெள்ளைக் கல். நம் பக்கம் சீனாக்காரம் என்போம். அதன் வேதிப்பெயர் பொட்டாசியம் அலுமினியம் சல்பேட். பெயரின் நடுவிலேயே அலுமினியம் உட்கார்ந்திருக்கிறது. நல்ல பொருள், பாக்டீரியாவை அடக்கும், விலையும் குறைவு. அலுமினியம் வேண்டாம் என்று ஓடி வருகிறவருக்கு அதைக் கொடுப்பது மட்டும் சரியில்லை.

அலுமினியத்துக்குப் பயப்பட வேண்டுமா என்றால், மார்பகப் புற்றுநோய்ப் பயம்தான் பலரையும் மாற வைக்கிறது. 2002-ல் அமெரிக்காவில் நோயுள்ள 813 பெண்களையும் நோயில்லாத 793 பெண்களையும் ஒப்பிட்டார்கள். தொடர்பு எதுவும் தெரியவில்லை. சிறுநீரகம் பழுதானவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும், உள்ளே போகும் சிறு அளவு அலுமினியத்தையும் வெளியேற்றுவது சிறுநீரகம் என்பதால். மற்றவர்கள் விரும்பினால் மாறலாம், விரும்பினால் ரோல்-ஆனுக்கே திரும்பலாம்.

இதே பாக்டீரியா எல்லோர் அக்குளிலும் இருந்தும் சிலருக்கு நாற்றமே வராது. காதுக் குறும்பி ஈரமாக இல்லாமல் காய்ந்து பொடியாக வருகிறதா என்று பாருங்கள். ஒரே மரபணுவில் ஒரே எழுத்து மாறினால் குறும்பி காய்ந்துவிடும் என்பதை 2006-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். பூட்டிய கோவையை அக்குளுக்கு இறைக்கும் பம்பும் அதே மரபணுவின் வேலைதான். அது நின்றுவிட்டால் பாக்டீரியாவுக்குப் பொட்டலம் கிடைக்காது. கொரியாவில் பெரும்பாலானோர் இப்படித்தான். வெயிலிலும் புழுக்கத்திலும் வேலை செய்கிற நம் மக்களின் அக்குளை நம் பல்கலைக்கழகங்கள் நம் பணத்தில் ஆராய வேண்டும் என்பது என் ஆசை. இந்தக் கேள்விக்குப் பணம் போடுவதை சோப்புக் கம்பெனிகளுக்கு மட்டும் விட்டுவைக்கக் கூடாது.

கேட்ட பெண்ணுக்கு: சோடா இல்லாத, துத்தநாகம் உள்ள ஒன்றுக்கு மாறுங்கள். காலையும் மாலையும் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவிட்டுப் போடுங்கள். முடி குறைவாக இருந்தால் நெடி தங்க இடம் குறையும். பிறகு, உங்கள் சீருடை. அது பாலியஸ்டர் என்றால் பாதிக் காரணம் அங்கே இருக்கலாம். 2014-ல் பெல்ஜியத்தில் 26 பேர் உடற்பயிற்சி செய்து கழற்றிய சட்டைகளை ஒரு நாள் மூடி வைத்து முகர்ந்து பார்த்தார்கள். பருத்திச் சட்டையைவிட பாலியஸ்டர் சட்டை தெளிவாக மோசமாக நாறியது. மைக்ரோகாக்கஸ் என்ற இன்னொரு பாக்டீரியா அந்த இழையில் செழித்திருந்தது. உள்ளே ஒரு பருத்தி உடுப்பு போட்டுக்கொள்ளுங்கள், சீருடையைத் துவைத்ததும் உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி வெயிலில் போடுங்கள். அடுத்த முறை சீருடைத் துணி எடுக்கும்போது பருத்தியில் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். துணிக்கடையில் துணிக்கா பஞ்சம்?