சந்தாவும் கட்டி விளம்பரமும் பார்க்க வேண்டுமா?

வருமான வரிக் கணக்குக்காக வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் வங்கி அறிக்கைகளைப் புரட்டுவது, பட்டயக் கணக்காளரான எனக்கு அன்றாட வேலை. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் அறிக்கையில் பதினோரு மாதங்களாக ஒரே தேதியில் ஒரு காணொளித் தளத்துக்குப் பணம் போய்க்கொண்டிருந்தது. "பேரன் லீவுக்கு வந்தப்போ போட்டுக் கொடுத்தான் சார். அதிலயும் விளம்பரம்தான் வருது. அப்புறம் எதுக்குக் காசு?" என்றார்.

நியாயமான கேள்வி. இன்று பல தளங்களில் சந்தா என்பது உள்ளே நுழைவதற்கான கட்டணமே. விளம்பரத்தை நீக்க வேறு கட்டணம் உண்டு. அமேசான் ப்ரைம் வீடியோ 2025 ஜூன் 17 முதல் இந்தியாவில் விளம்பரங்களைக் காட்டத் தொடங்கியபோது, ஆண்டுக்கு 1,499 ரூபாய் கட்டியவர்கள் அவற்றைத் தவிர்க்க ஆண்டுக்கு மேலும் 699 ரூபாய் தர வேண்டும் என்றது. ஜியோஹாட்ஸ்டாரில் விளம்பரமில்லாத திட்டத்தையே வாங்கினாலும், கிரிக்கெட் நேரலையில் ஓவருக்கு ஓவர் விளம்பரம் வரத்தான் செய்யும். யூடியூபின் கதை நேர்மாறானது: காணொளிகள் இலவசம், பணம் கட்டுவது முக்கியமாக விளம்பரத்தை அகற்றத்தான். தனிநபர் கட்டணம் 2024 ஆகஸ்டில் மாதம் 129 ரூபாயிலிருந்து 149 ஆனது. அதைக் கட்டிய பிறகும், காணொளி எடுப்பவரே நடுவில் நிறுத்தி ஏதாவதொரு பொருளைப் புகழ்வதை மட்டும் தடுக்க முடியாது.

மாதக் கட்டணத்தை வைத்து லாபநட்டம் பார்ப்பதைவிட, பார்க்கும் மணிக்கணக்கை வைத்துப் பார்ப்பதே சரி என்பது என் கருத்து. தினமும் இரண்டு மணி நேரம் யூடியூப் ஓடும் வீட்டில் அந்த 149 ரூபாய், மணிக்கு இரண்டரை ரூபாய்தான், தாராளமாகக் கட்டலாம். மாதம் ஒரே ஒரு இரண்டரை மணி நேரப் படம் பார்ப்பவர் விளம்பரத்தைத் தவிர்க்க மட்டும் ஆண்டுக்கு 699 ரூபாய் தந்தால், மணிக்கு 23 ரூபாய் ஆகிறது. அவர் விளம்பரம் வரும்போது எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்.

உண்மையில் பணம் அதிகம் கரைவது விளம்பரத்தால் அல்ல, மறதியால். செயலியை போனிலிருந்து நீக்கிவிட்டால் சந்தாவும் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள், அது நிற்காது. ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பாவது வங்கி உங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும், அந்தத் தகவலிலேயே வேண்டாம் என்று விலகவும் வழி இருக்க வேண்டும். நாம்தான் அதையும் கடன் விளம்பரக் குறுஞ்செய்திகளோடு சேர்த்து அழித்துவிடுகிறோம். சந்தாவை எளிதில் ரத்து செய்ய முடியாதபடி சிக்கவைப்பதை, 2023 நவம்பரில் வெளியான மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் தடை செய்திருக்கின்றன. அப்படி நேர்ந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

ஆசிரியையின் போனில் ஆட்டோபே பக்கத்தைத் திறந்து அந்தச் சந்தாவை அப்போதே ரத்து செய்தோம். அடுத்த முறை வந்தபோது அறிக்கையில் புதிதாக 149 ரூபாய் இருந்தது. விடியற்காலையில் சுப்ரபாதத்தின் நடுவே சோப்பு விளம்பரம் வருவது பொறுக்கவில்லையாம். அந்த வரியை டிக் செய்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.