விலையைக் குறைப்பவர் மட்டுமே கொள்முதல் அலுவலர் அல்லர்

சென்ற மாதம் மீண்டும் ஒரு தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்தது. பாதி விலைக்குக் கிடைத்த ஆயில் சீல்களை (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையங்களை) வாங்கிப் பொருத்தியதால், மூன்று நாள்களாக இயந்திரங்கள் நின்றுபோயிருந்தன. அளவு துல்லியமாகவே இருந்தது. ஆனால் ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் ஃப்ளோரோகார்பன் ரப்பருக்குப் பதிலாக, 100 டிகிரியைத் தாண்டினாலே விரைவில் இறுகி விரிசல் விடத் தொடங்கும் நைட்ரைல் ரப்பர் வந்திருந்தது. கொள்முதல் துறைக்கு ஆலோசகராக இருக்கும் நான், இதே கதையைப் பொருளின் பெயர் மட்டும் மாறக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன்.

பேரம் பேசத் தெரிந்தவரே நல்ல கொள்முதல் அலுவலர் என்ற எண்ணம்தான் இத்தனைக்கும் வேர். விலைப்புள்ளியில் இருப்பது செலவின் முதல் பகுதி மட்டுமே. போக்குவரத்து, காப்பீடு, தரச் சோதனை, கிடங்கில் முடங்கும் பணம், பழுது, இறுதியில் அப்புறப்படுத்தும் செலவு ஆகிய அனைத்தும் அதற்குப் பின்னால் வருகின்றன. தொடர்ந்து இயங்கும் ஒரு பம்ப் தன் ஆயுளில் குடிக்கும் மின்சாரத்தின் செலவு, பெரும்பாலும் அதன் விலையைப் பன்மடங்கு மிஞ்சிவிடும். ஒரு வழங்குநர் தம் ஆலை வாசலிலேயே ஒப்படைக்கும் விலையையும் மற்றொருவர் நம் கிடங்கு வரை கொண்டுவந்து சேர்க்கும் விலையையும் தந்திருக்க, இரண்டையும் அருகருகே வைத்து 'இது மலிவு' என்று கையெழுத்திட்ட கோப்புகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சரக்கை எங்கே ஒப்படைப்பது, அதுவரையிலான செலவும் இடரும் யாருடையவை என்பதை வரையறுக்கும் பன்னாட்டு வணிக விதிகளான இன்கோடெர்ம்ஸ் 2020இல் இருப்பவை பதினொன்றுதான். அவற்றைப் படிக்க ஒரு பிற்பகல் போதும், தயவுசெய்து படியுங்கள்.

லாபத்தின் மீதான தாக்கம், கிடைப்பதில் உள்ள இடர் ஆகிய இரண்டையும் கொண்டு, வாங்கும் பொருள்களை நான்காகப் பிரிக்கும் முறையை மேலாண்மை ஆலோசகர் பீட்டர் கிரால்ஜிக் 1983இலேயே முன்வைத்தார். ஆனாலும், அச்சுத்தாள் வாங்குவதையும் உலகில் ஒரே வழங்குநரிடம் மட்டும் கிடைக்கும் உதிரிபாகத்தை வாங்குவதையும் ஒரே ஆளிடம், ஒரே இலக்கோடு இன்றும் ஒப்படைக்கிறார்கள். முன்னதற்குப் பேரமும் எளிய நடைமுறையும் போதும். பின்னதற்கு, வரைபடம் படிக்கவும், மாற்று வழங்குநரைத் தேடி உருவாக்கவும், ஒப்பந்தத்தின் தண்டப் பிரிவைப் புரிந்துகொள்ளவும் தெரிந்தவர்கள் வேண்டும். இத்திறன்கள் அனைத்தும் ஒருவரிடமே அமைவது அரிது. அதனால்தான் குழு தேவைப்படுகிறது.

வழங்குநரைத் தேர்பவர், சரக்கைப் பெறுபவர், பணம் செலுத்துபவர் மூவரும் ஒருவராக இருக்கவே கூடாது. கொள்முதல் ஆணை, சரக்கு வரவுச் சீட்டு, வழங்குநர் அனுப்பும் விலைப்பட்டியல் (இன்வாய்ஸ்) மூன்றும் பொருந்தாமல் பணத்தை விடுவிக்காதீர்கள். வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக வழங்குநரின் பெயரில் மின்னஞ்சல் வந்தால், அதிலுள்ள எண்ணை அல்ல, உங்கள் பதிவேட்டில் ஏற்கெனவே உள்ள எண்ணை அழையுங்கள். சேமிப்புத் தொகையை மட்டும் வைத்து ஊழியரை மதிப்பிடாமல், குறித்த நாளில் வந்த சரக்கின் அளவையும் தரச் சோதனையில் திருப்பி அனுப்பியதன் அளவையும் சேர்த்துப் பாருங்கள்.

அந்த ஆயில் சீலை வாங்கிய இளைஞரை நான் குறை சொல்லமாட்டேன். அது பொருந்தும் இயந்திரத்தை அவருக்கு யாரும் காட்டியதே இல்லை. புதிதாகச் சேர்பவர்களை, முதல் கொள்முதல் ஆணையில் கையெழுத்திடுவதற்கு முன் இரண்டு வாரங்களாவது உற்பத்தித் தளத்துக்கும் கிடங்குக்கும் அனுப்பிவையுங்கள் என்று நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.