ஜூலை பிறந்தநாளுக்கு மே மாதத்தில் வாழ்த்து

ஒரு பயிற்சி நிறுவனத்துக்கு மாணவர் பதிவேட்டு மென்பொருள் செய்து கொடுத்திருந்தோம். பிறந்தநாளன்று காலையில் பெற்றோரின் போனுக்குத் தானாக ஒரு வாழ்த்து எஸ்எம்எஸ் போகும். ஒரு மே 7-ம் தேதி ஒரு அம்மா கூப்பிட்டார். "என் பொண்ணுக்கு ஜூலை 5 தானே சார் பொறந்தநாள், இன்னைக்கு எதுக்கு வாழ்த்து அனுப்புறீங்க?" திறந்து பார்த்தால் எங்கள் பதிவேட்டில் மே 7 என்றே இருந்தது. அவர் எழுதிக் கொடுத்த படிவத்தில் இருந்தது 05/07/2009.

இதில் எனக்கு வெட்கம் என்னவென்றால், இதே பிழையின் ஒரு பாதியை ஒரு வருடம் முன்பே நான் பார்த்துச் சரிசெய்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். எக்செல்லில் இருந்த பட்டியலை முதன்முதலாக டேட்டாபேஸில் ஏற்றியபோது, பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் 1970 ஜனவரி 1 அன்று பிறந்தவர்களாக வந்து நின்றார்கள். நாங்கள் எழுதிய பிஎச்பி என்ற நிரல்மொழியில், எழுத்தைத் தேதியாக மாற்றும் ஸ்ட்ர்டுடைம் என்ற கட்டளைக்கு ஒரு தேதி புரியவில்லை என்றால் 'இல்லை' என்று திருப்பித் தரும். அந்த 'இல்லை'யை அப்படியே அடுத்த கட்டளைக்குக் கொடுத்தால் அது பூஜ்ஜியமாகிவிடும், நேரத்தை நொடிகளாக எண்ணும் யூனிக்ஸ் கணக்கில் பூஜ்ஜியம் என்றால் 1970 ஜனவரி 1. சரி, புரியாததையெல்லாம் காலியாக விடு, அலுவலகத்தில் கையால் நிரப்பிக்கொள்ளட்டும் என்று இரண்டு வரி கோட் எழுதினேன். அவர்களும் பொறுமையாக உட்கார்ந்து நிரப்பினார்கள். மற்ற தேதிகளை யாரும் தொடவில்லை. அவை பார்க்கத் தேதி மாதிரிதானே இருந்தன!

விஷயம் இதுதான். அந்தக் கட்டளை, எண்களுக்கு நடுவே சாய்கோடு இருந்தால் அமெரிக்க வழக்கப்படி மாதம் முதலில் என்று எடுத்துக்கொள்ளும், ஹைஃபன் இருந்தால் நாள் முதலில் என்று எடுத்துக்கொள்ளும். கையேட்டிலேயே எழுதியிருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. 25/07/2009 வந்தால் 25-வது மாதம் கிடையாது, அதனால் கையை விரித்துவிட்டது. 05/07/2009 வந்தால் சந்தோஷமாக மே 7 என்று எழுதிவிட்டுப் போய்விட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒவ்வொரு மாதத்திலும் முதல் 12 நாட்கள், மொத்தம் 144. அதில் 1/1, 2/2 மாதிரி எப்படிப் படித்தாலும் மாறாதவை 12. மீதி 132 நாட்கள், அதாவது வருடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், சத்தமே இல்லாமல் தப்பாகப் பதிவாகும்.

எக்செல்லும் இதில் சளைத்ததில்லை. கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்கா என்று இருந்தால், ஒரு சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) திறந்த கையோடு 05/07 மே மாதமாகிவிடும், 25/07 வெறும் எழுத்தாகவே நிற்கும். தேதிகள் வலப்பக்கமும் எழுத்துகள் இடப்பக்கமும் ஒட்டி நிற்பதால், ஒரே பத்தியில், அதாவது ஒரே நெடுவரிசையில், சில இந்தப் பக்கம் சில அந்தப் பக்கம் என்று தெரிந்தால் உடனே சேமிக்காமல் மூடிவிடுங்கள். இந்த ஊகிக்கும் புத்தியால்தான் SEPT2 என்று பெயர் வைத்த மரபணு செப்டம்பர் 2 ஆகிப்போனது. கடைசியில், மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழுவே 2020-ல் இறங்கிவந்து செப்டின் வகை மரபணுக்களின் பெயரை மாற்றியது. பைத்தான் மொழியில் அட்டவணைகளைக் கையாள உதவும் பாண்டாஸ் தொகுப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. 2.0 பதிப்புக்கு முன்புவரை, நாம் எதுவும் சொல்லாமல் விட்டால் ஒரே பத்தியில் 05/07-ஐ மே என்றும் 25/07-ஐ ஜூலை என்றும் வரிக்கு வரி வேறு மாதிரி படித்துக்கொண்டிருந்தது.

வருடம் முதலில் வரும் 2024-03-04 வடிவம் இருக்கிறதே என்பீர்கள். நல்ல வடிவம்தான், நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸில் லாகினின் மொழி பிரிட்டிஷ் ஆங்கிலமாக இருந்து, தேதியும் நேரமும் சேர்ந்த பழைய டேட்டைம் வகைப் பத்தியில் போட்டால் அதையே ஏப்ரல் 3 என்று படிக்கும். அங்கே ஹைஃபன் இல்லாமல் 20240304 என்று கொடுப்பதே பத்திரம்.

வலைப்பக்கங்களில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட், தேதியைச் சரியாகப் படித்துவிட்டு நேரத்தில் கவிழ்க்கும். வெறும் 2024-03-04 என்று கொடுத்தால் கிரீன்விச் நள்ளிரவு, கூடவே மணியையும் சேர்த்துக் கொடுத்தால் உள்ளூர் நேரம். சென்னையில் உட்கார்ந்து சோதித்தால் அது காலை 5:30, அதே நாள்தான், யாருக்கும் சந்தேகமே வராது. நியூயார்க்கில் பார்ப்பவருக்கு அது முந்தைய நாள் இரவு. நம் பக்கத்து நள்ளிரவைக் கிரீன்விச் நேரமாக மாற்றினாலோ முந்தைய நாள் 18:30. டேட்டாபேஸில் வரிசையாக 18:30 என்று முடியும் நேரங்களைப் பார்த்தால், அங்கே யாரோ ஓர் இந்தியத் தேதியைத் தேவையில்லாமல் மணியோடு கூடிய நேரமாக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பிறந்தநாளுக்கு எதற்கு மணி? தேதி மட்டும் இருக்கும் வகையில் வையுங்கள், முடிந்தது. அப்புறம், ஐஎஸ்டி என்ற மூன்றெழுத்தை நம்பாதீர்கள். இஸ்ரேலுக்கும் அயர்லாந்துக்கும் அதே மூன்றெழுத்துதான். கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி நேரம் முன்னே என்று +05:30-ஐ நிலையாக எழுதுவதும் எல்லா ஊருக்கும் ஒத்துவராது, இப்போது நம் நேரத்திலேயே ஓடும் இலங்கையின் கடிகாரமே 1996 முதல் 2006 வரை வேறாக இருந்தது.

இப்போது நான் எந்தப் புரோகிராமையும் ஊகிக்க விடுவதில்லை. நாள், மாதம், வருடம் என்ற வரிசையை நானே சொல்லிவிடுகிறேன், பொருந்தாவிட்டால் அந்த வரி உள்ளே வராது. அதுவும் போதாது. வரிசையைச் சொல்லியும் பிஎச்பி 31/02/2024-ஐ மார்ச் 2 என்று வாங்கிக்கொள்ளும், அதனால் படித்த தேதியைத் திரும்ப எழுத்தாக்கி வந்ததோடு ஒப்பிடுகிறேன். படிவத்தில் மாதத்தை எண்ணாகக் கேட்பதே இல்லை, பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலாக, வந்த எழுத்தை அப்படியே தனிப் பத்தியில் வைத்துக்கொள்கிறேன்.

அந்தப் பயிற்சி நிறுவனத்தில் அப்படி ஒரு பத்தி இல்லை, பழைய எக்செல் கோப்பும் கிடைக்கவில்லை. கையால் நிரப்பியவற்றில் எது, ஏற்றியதில் எது என்றும் பிரிக்க முடியவில்லை. அட்டைப்பெட்டிகளில் கட்டி வைத்திருந்த காகிதப் படிவங்களை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். அதில் சிலர் இரண்டு தேதி எழுதியிருந்தார்கள்: ஒன்று சான்றிதழில் உள்ளது, இன்னொன்று உண்மையில் பிறந்தது. எதற்கு வாழ்த்து அனுப்புவது என்று அலுவலகத்திலேயே கேட்டுக்கொண்டோம்.