லக்ஸ் சூடானால் லோடைக் குறை சொல்லாதீர்கள்

மோட்டார் பேனலில் ஒரு ஃபேஸின் லக்ஸ் மட்டும், அதாவது கேபிள் நுனியில் அமுக்கிப் பொருத்தி போல்ட்டில் முடுக்கும் உலோக முனை மட்டும், கருகியிருக்கும். "லோடு அதிகம் சார்" என்பார்கள். மூன்று ஃபேஸ் மோட்டாரில் மூன்றிலும் ஏறக்குறைய ஒரே கரண்ட்தான் ஓடும். கேபிளைக் கவ்வி கரண்ட் அளக்கும் டாங் டெஸ்டரில் மூன்றும் சமமாக இருந்து, ஒன்று மட்டும் கருகினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த லக்ஸையும் அதன் போல்ட்டையும்தான்.

கணக்கு எளிது. 200 ஆம்பியர் ஓடும் இணைப்பில் ஒரு மில்லி ஓம் ரெசிஸ்டன்ஸ் இருந்தால் அங்கே 40 வாட் சூடு. சிறிய சால்டரிங் அயர்ன் ஒன்றை இரவும் பகலும் பேனலுக்குள் சொருகி வைத்த மாதிரி. கரண்ட் இரட்டிப்பானால் சூடு நாலு மடங்கு. சூட்டில் இணைப்பு மேலும் கெடும், ரெசிஸ்டன்ஸ் இன்னும் ஏறும்.

"மெகர் போட்டுப் பார்த்தோமே" என்று கேட்பார்கள். மெகர் என்ற மீட்டர் இன்சுலேஷனைத்தான் சொல்லும், லக்ஸை அமுக்கிய இடமான கிரிம்பைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. சாதாரண மல்டிமீட்டரும் இவ்வளவு சின்ன ரெசிஸ்டன்ஸைப் பிடிக்காது. முழு லோடில் தெர்மல் கேமரா பிடித்தால் தெரியும், அதுவரை நம்பிக்கைதான்.

தப்பு பெரும்பாலும் அவசரத்தில் நடக்கிறது. மூன்றரை கோர் (மூன்று ஃபேஸ், ஒரு சிறிய நியூட்ரல்) 185 ஸ்கொயர் எம்.எம். அலுமினியக் கேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபேஸ் 185, நியூட்ரல் 95. லக்ஸும் அதை அமுக்கும் அச்சான டையும் இரண்டிரண்டு சைஸ் வேண்டும். டை இல்லையென்றால் கைக்குக் கிடைத்ததை மாட்டி அமுக்குவது, லக்ஸ் பெரிதாக இருந்தால் வெட்டிய கம்பித் துண்டுகளைச் செருகுவது, சிறிதாக இருந்தால் கேபிளின் நாலு ஸ்ட்ராண்டை (கம்பி இழையை) நறுக்கிவிடுவது எல்லாம் நடக்கிறது. சுத்தியலால் தட்டி நசுக்கியதையும் பார்த்திருக்கிறேன். மேலே சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டுவிட்டால் எல்லாம் அழகாகத்தான் தெரியும்!

அலுமினியத்தில் இன்னொரு வம்பு. காற்றுப் பட்ட உடனே அதன் மேல் ஆக்சைடு படியும். அது கரண்டைச் சரியாகக் கடத்தாது. எனவே இன்சுலேஷனைச் சீவியதும் ஸ்ட்ராண்டில் கத்திக் கீறல் விழவில்லையா என்று பார்த்து, ஒயர் பிரஷ்ஷால் தேய்த்து, ஆக்சைடைத் தடுக்கும் பசையான ஜாயின்டிங் காம்பவுண்ட் தடவி, தாமதிக்காமல் லக்ஸை மாட்ட வேண்டும். கோர் வட்டத்தின் ஒரு துண்டு போல செக்டர் வடிவத்தில் இருந்தால் முதலில் உருட்டும் டையில் வட்டமாக்கிக்கொள்ளுங்கள். கண்டக்டர், லக்ஸின் குழாய்ப் பகுதியான பேரலின் அடிவரை போக வேண்டும். போல்ட் ஓட்டை இருக்கும் பக்கத்தில் முதல் கிரிம்ப். அப்புறம் கேபிளை நோக்கி வர வேண்டும். எத்தனை கிரிம்ப் என்பதை லக்ஸ் தயாரித்தவர் கொடுத்த அட்டவணைப்படி வையுங்கள்.

அலுமினியக் கேபிளில் செம்பு லக்ஸ் போடவே கூடாது. ஈரம் பட்டால் அலுமினியம் அரித்துப் போகும். சூட்டில் அலுமினியம் செம்பைவிட அதிகமாக விரியும் என்பதால் பிடிப்பும் தளரும். செம்பு பஸ்பாருக்கு (பேனலில் கரண்ட் ஓடும் பட்டைக்கு) போகும் அலுமினியக் கேபிளுக்கு, ஒரு பக்கம் அலுமினியமும் மறுபக்கம் செம்புமாக உள்ள பைமெட்டாலிக் லக்ஸ் இருக்கிறது. விலை அதிகம்தான், வாங்குங்கள்.

நியூட்ரலை மட்டும் கடைசியில் ஏனோதானோ என்று முடிக்கும் பழக்கம் எனக்குப் புரிவதே இல்லை. மெயின் கேபிளில் நியூட்ரல் விட்டுப்போனால், லோடு குறைவாக உள்ள ஃபேஸில் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400-ஐ நெருங்கிவிடும். ஃபியூஸ் போகாது, பிரேக்கரும் டிரிப் ஆகாது. கம்ப்யூட்டர், விளக்கு, ஏசி போர்டு எல்லாம் வரிசையாகப் போகும். டை வரவில்லையா, சப்ளை கொடுப்பதை நாளைக்குத் தள்ளி வையுங்கள்.