ஸ்பைரல் கட்டர் ஹெட்: புரிச்சீவுருளை

பலகை சீவும் இயந்திரத்துக்குள் ஒரு உருளை சுழலும். வழமையான இயந்திரத்தில் அந்த உருளையில் இரண்டோ மூன்றோ நீளக் கத்திகள், பலகையின் அகலம் முழுவதும் பிடிக்கும்படி நேராகப் பூட்டியிருக்கும். ஸ்பைரல் கட்டர் ஹெட்டில் நீளக் கத்தி கிடையாது. விரல் நுனி அளவான சதுர அலகுகள் பல, உருளையைச் சுற்றி முறுக்கிய வரிசையில், ஒவ்வொன்றும் தனித்தனித் திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கும். மேசைமேல் வைத்துப் பாவிக்கும் சிறிய பிளேனரை வைத்திருப்பவர்கள், அதன் பழைய உருளையைக் கழற்றிவிட்டு இதைப் பூட்டுவதைத்தான் 'ஸ்பைரல் ஹெட் போடுறது' என்கிறார்கள்.

கல்முனையிலோ களுவாஞ்சிகுடியிலோ தளபாடம் செய்யும் ஓடாவி ஒருவர் இதைத் தமிழில் சொல்ல நினைத்தால் என்ன சொல்லலாம்? நல்ல சொல் கைவசம் உண்டு. ஆனால் ஆங்கிலச் சொல்லுக்குள்ளேயே ஒரு குழப்பம் இருப்பதால், முதலில் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

'பிளேன்' என்பதன் வேர் லத்தீன் மொழியின் 'பிளானுஸ்', அதாவது தட்டையானது. மரத்தைத் தட்டையாக்கும் கருவி என்பதால் அந்தப் பெயர் வந்தது. அதிலிருந்து வந்த 'பிளேனர்' இரண்டு நாடுகளில் இரண்டு இயந்திரங்களைக் குறிக்கிறது. அமெரிக்காவில் பிளேனர் என்றால் பலகையை ஒரே தடிப்புக்குக் கொண்டுவரும் இயந்திரம். பிரித்தானியாவில் அதற்குப் பெயர் 'திக்னசர்'. அங்கே பிளேனர் என்பது பலகையின் ஒரு முகத்தை நேராக்குவது. அந்த வேலையைச் செய்யும் இயந்திரத்தை அமெரிக்கர் 'ஜொயின்டர்' என்பார்கள். போதாததற்கு, எங்கள் கடைகளில் பிளேனர் என்று கேட்டால் கையில் பிடித்துத் தள்ளும் மின் சீவுளியை எடுத்துத் தருவார்கள். இயந்திரத்துக்கு உதிரிப்பாகம் தேடும்போது இது தெரியாவிட்டால் காசு வீணாகும்.

மட்டக்களப்பில் இந்தத் தொழிலின் சொற்களைக் கவனித்தால் ஒரு சுவையான விசயம் தெரியும். போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டியது 1628இல். ஒல்லாந்தர் அதைப் பிடித்தது 1638இல். பத்தே வருடம்தான். ஆனாலும் போர்த்துக்கேயப் பேச்சு வழக்கை வீட்டுக்குள் காத்து வந்த பறங்கியர் குடும்பங்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். தச்சு வேலையும் கொல்லர் வேலையும் அவர்களுடைய பரம்பரைத் தொழில்களில் சேர்ந்தவை. தச்சன் செய்து முடித்த பொருட்களைப் பாருங்கள்: கதிரை, மேசை, அலுமாரி, யன்னல் எல்லாம் போர்த்துக்கேயச் சொற்கள். லாச்சி ஒல்லாந்தருடையது. ஆனால் தச்சன் கையிலிருக்கும் கருவிகள் உளி, வாள், சுத்தியல், சீவுளி என்று தமிழாகவே நின்றுவிட்டன. போர்த்துக்கேய மொழியில் சீவுளிக்கு 'பிளைனா' என்று பெயர். அதுவும் அதே லத்தீன் வேர்தான். கதிரை வந்து ஒட்டிக்கொண்ட ஊரில் பிளைனா ஒட்டவில்லை. கையில் ஏற்கெனவே கருவியும் பெயரும் இருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சீவு என்பதோடு உளி சேர்ந்தது சீவுளி. தமிழ்நாட்டில் இதை இழைப்புளி என்பார்கள். இழைத்தல் என்பது தேய்த்து மெருகாக்குவது, சந்தனம் இழைக்கிறோம். சீவுதல் வேறு. மேற்பரப்பிலிருந்து மெல்லிய ஏடாக வெட்டி எடுப்பது. பாளை சீவுவதும் பாக்குச் சீவுவதும் பென்சில் சீவுவதும் அந்தச் செயல்தான். இரண்டும் நல்ல சொற்கள். ஆனால் சுழலும் அலகு மரத்தில் செய்கிற வேலையைச் சரியாகச் சொல்வது சீவுதல்தான். ஆகவே இயந்திரத்தைத் தடிப்புச் சீவுபொறி என்றும், உள்ளே சுழலும் உருளையைச் சீவுருளை என்றும் சொல்லலாம். சீவு, உளி சேர்ந்து சீவுளி ஆனது போலவே சீவு, உருளை சேர்ந்து சீவுருளை. 'வெட்டுத்தலை' என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதை நான் ஒப்பமாட்டேன். அங்கே தலையும் இல்லை, வெட்டித் துண்டாக்கும் வேலையும் இல்லை.

இனி ஸ்பைரல். கிரேக்க மொழியில் சுருளைக் குறித்த சொல் லத்தீன் வழியாக வந்தது. கணிதத்தில் ஸ்பைரல் என்றால் நடுவிலிருந்து விலகி விலகிச் சுற்றும் தட்டையான கோடு, நுளம்புச் சுருளின் வடிவம். ஒரு உருளையின் மேல் ஒரே தூரத்தில் ஏறிக்கொண்டே சுற்றும் கோட்டுக்குப் பெயர் ஹெலிக்ஸ். அப்படிப் பார்த்தால் இந்த உருளையில் இருப்பது ஸ்பைரல் அல்ல, ஹெலிக்ஸ். சுருள் என்ற சொல் இதற்குப் பொருந்தாது. தமிழில் இதற்கென்றே ஒரு பழைய சொல் உண்டு: புரி. கயிற்றின் முறுக்கு புரி. திருகாணியைச் சுற்றி ஓடும் கோடும் புரி. வலம்புரிச் சங்கின் பெயரிலும் அதுவே. ஆக, புரிச்சீவுருளை.

விற்பனைக்காரர்கள் ஸ்பைரல், ஹெலிக்கல் இரண்டையும் வேறு பொருளில் பாவிக்கிறார்கள். அலகுகள் முறுக்கு வரிசையில் இருந்தாலும் ஒவ்வொன்றின் வாயும் உருளையின் அச்சுக்குச் சமாந்தரமாக இருந்தால் அதைப் பெரும்பாலும் ஸ்பைரல் என்பார்கள். வாய் சற்றுச் சரிந்து, மரத்தை ஓரத்திலிருந்து அரிந்துகொண்டு போனால் ஹெலிக்கல். எல்லாரும் இதைப் பின்பற்றுவதில்லை, இரண்டையும் ஒன்றாகவே சொல்லி விற்பவர்களும் உண்டு. தமிழில் நேர்வாய்ப் புரிச்சீவுருளை, சாய்வாய்ப் புரிச்சீவுருளை என்று பிரித்தால் குழப்பமே வராது.

நீளக் கத்திக்கும் புரிச்சீவுருளைக்கும் உள்ள வித்தியாசம் எங்கள் மரங்களில் நன்றாகத் தெரியும். கிழக்கின் உலர்காட்டு மரமான முதிரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இழை ஒரு பட்டையில் ஒரு பக்கமும் அடுத்த பட்டையில் எதிர்ப்பக்கமுமாகப் பின்னிக் கிடக்கும். தங்கப்பட்டுப் போன்ற அந்த மினுக்கத்துக்கே இதுதான் காரணம். நீளக் கத்தி அகலம் முழுவதும் ஒரே அடியாக இறங்கும்போது, எதிர்த்து நிற்கும் இழை வெட்டுப்படுவதற்கு முன்பே கிளம்பிப் பிய்ந்துவிடும். பலகையை எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் ஏதாவது ஒரு பட்டை எதிராகத்தான் இருக்கும். புரிச்சீவுருளையில் ஒரு நேரத்தில் சில அலகுகள் மட்டுமே மரத்தில் படும். எடுப்பதும் துணுக்குத் துணுக்காகத்தான். வாயும் சாய்வாக இருந்தால் இழை பிய்வது இன்னும் குறையும். சத்தம் தணிவதற்கும் இதுவே காரணம். அகலம் முழுவதும் ஒன்றாக விழும் அடிதான் பழைய உருளையின் அலறல். மரச்சீவலும் நீள ஏடாக வராமல் சிறு துணுக்காக வருவதால் உறிஞ்சும் குழாயில் அடைக்காது.

அலகுகள் தங்குதன் காபைட்டு. மேசைப் பொறிகளோடு வரும் உருக்குக் கத்தியை விட மிகக் கடினமானது, முதிரை, பாலை போன்ற மரங்களிலும் நெடுநாள் கூர் நிற்கும். ஒவ்வொரு அலகிலும் நான்கு வாய். ஒன்று மழுங்கினால் தீட்டத் தேவையில்லை, திருகாணியைத் தளர்த்திக் கால் சுற்றுத் திருப்பினால் புது வாய் வந்துவிடும். ஆணியில் பட்டு ஓரிடம் உடைந்தால் அந்த ஓர் அலகை மட்டும் மாற்றலாம். பழைய வீட்டு மரத்தை மறுபடி சீவுபவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

குறைகளும் உண்டு. விலை, பொறியின் பாதி விலையைத் தாண்டக்கூடும். சீவிய பலகையில் அலகுகளின் மெல்லிய தடம் இருக்கும், மண்தாள் போட வேண்டும். மேசைப் பொறியின் மோட்டார் சிறியது, ஒரே தடவையில் ஆழமாக எடுத்தால் திணறும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து வரும் 120 வோல்ட் பொறியை எங்கள் 230 வோல்டில் நேரே கொடுத்தால் மோட்டார் எரிந்துவிடும். 15 அம்பியர் பொறி 1800 வாட் வரை இழுக்கும், மின்மாற்றி அதைத் தாங்குவதாக இருக்க வேண்டும்.

பூட்டும் முறை ஒவ்வொரு பொறிக்கும் வேறு. அதனுடன் வரும் தாளைப் பார்த்துச் செய்ய வேண்டும். மின்கம்பியைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள், கனத்த கையுறை போடுங்கள், ஏனென்றால் உருளை பாரமானது, எந்தப் பக்கம் பிடித்தாலும் கூர். ஒரு விசயம் மட்டும் எல்லாவற்றுக்கும் பொது: அலகு இருக்கும் பள்ளத்தில் ஒரு துளி மரத்தூள் கிடந்தாலும் அந்த அலகு மற்றவற்றை விட உயர்ந்து, பலகை நெடுகிலும் ஒரு கோடு கீறும். அலகைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் பள்ளத்தைத் துடைத்துவிட்டே இறுக்க வேண்டும், அதுவும் தாளில் சொன்ன இறுக்க அளவுக்கு.

அந்தச் சிறு துண்டுக்கு ஆங்கிலத்தில் 'இன்சர்ட்'. சில்லு என்று சொல்லலாமே என்று தமிழ்நாட்டு வாசகர் கேட்கக்கூடும். எங்கள் பக்கத்தில் சில்லு என்றால் சைக்கிள் சில்லு, வண்டிச் சில்லு. பட்டறையில் 'சில்லைத் திருப்பு' என்றால் யாருக்கும் விளங்காது. அலகு என்பதே சரி. கத்தியின் வெட்டும் பகுதிக்கு அது பழகிய சொல், வாய் அதன் கூர்விளிம்பு. 'முதிரைக்கு அலகைத் திருப்பிப் புது வாய் வை' என்றால் ஏறாவூரிலும் அக்கரைப்பற்றிலும் எந்த ஓடாவிக்கும் விளங்கும்.