கொள்ளிடம்: நிலத்தடி ரிசர்வாயருக்கு ஒரு தமிழ்ச் சொல்

சிங்கப்பூரின் செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்காவுக்கு முட்டையோடு வருகிறவர்கள்தான் அதிகம். ஊற்று நீரின் சூடு ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸ். அதில் ஊறிய முட்டையில் மஞ்சள் கரு இறுகும், வெள்ளைக் கரு வழுவழுவென்றே இருக்கும்.

அங்கே உட்கார்ந்துதான் அத்தையிடம் புவிவெப்ப ஆற்றலைப் பற்றிய என் மொழிபெயர்ப்பைப் படித்துக் காட்டினேன். 'நிலத்தடி வெந்நீர்த் தேக்கம்' என்ற இடத்தில் நிறுத்திவிட்டார். "அப்படியானால் மெக்ரிட்சி நீர்த்தேக்கம் போலக் கீழேயும் ஓர் ஏரி இருக்கிறதா?"

இல்லை. கீழே இருப்பது கிரானைட். அதன் வெடிப்புகளுக்குள் சுடுநீர் ஊர்ந்து ஏறுகிறது.

நான் 'தேக்கம்' என்று பெயர்த்த 'ரிசர்வாயர்' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். ஒதுக்கிச் சேமித்து வைக்கும் இடம் என்பதே அதன் அடிப்படைப் பொருள். அணையோ ஏரியோ அதில் கட்டாயமில்லை. நம் 'தேக்கம்' அப்படியில்லை. தேங்கு, தேக்கு, தேக்கம் என்று வளர்ந்த சொல் அது. 'கோப்புகள் தேங்கிவிட்டன', 'பொருளாதாரத் தேக்கம்' என்கிறோமே, அந்த அசையாமை அதன் எலும்பிலேயே ஊறியிருக்கிறது. மெக்ரிட்சிக்குப் பொருந்தும். புவிவெப்பத்துக்கு அதுவே எதிரி. நீர் ஓடாவிட்டால் வெப்பம் மேலே வராது.

இத்தகைய பாறையை மதிப்பிடுகிறவர்கள் முதலில் சூட்டைப் பார்க்கிறார்கள். ஊற்று நீரில் கரைந்திருக்கும் சிலிக்காவின் அளவே ஆழத்தில் எவ்வளவு சூடு என்று காட்டிக்கொடுக்கும். ஆனால் துளையிட்டுப் பார்ப்பதே உறுதி. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செம்பவாங்கில் 1.76 கிலோமீட்டர் ஆழத்தில் 122 டிகிரி வரை கண்டார்கள். பொதுவாகப் பூமிக்குள் ஒரு கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரிதான் ஏறும். இங்கே கிட்டத்தட்ட இரு மடங்கு.

ஆனாலும் துறையினர் இதைத் 'தாழ்வெப்ப' வகையில்தான் சேர்ப்பார்கள். பலருக்கு 150 டிகிரிக்குக் கீழே எல்லாம் தாழ்வுதான்! நீரைவிடக் குறைந்த சூட்டில் கொதிக்கும் திரவத்தை ஆவியாக்கி விசையாழியைச் சுழற்றும் முறை அதற்கு உண்டு. அலாஸ்காவின் செனா (Chena) வெந்நீர் ஊற்றில் சுமார் 74 டிகிரி நீரிலேயே 2006 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள்.

சூட்டைவிடக் கடினமான கேள்விகள் இரண்டு. பாறையில் எவ்வளவு வெற்றிடம் என்பது புரைமை. புரையோடிய பல் என்கிறோமே, அந்தப் புரைதான். அந்தப் புரைகள் ஒன்றோடொன்று தொடர்ந்து நீரை விடுகின்றனவா என்பது ஊடுருவுதிறன். இது இல்லாத இடத்தில் சூடு இருந்தும் பயனில்லை.

ஆகவே நான் 'வெப்பக் கொள்ளிடம்' என்று மாற்றினேன். பெருக்கெடுத்த காவிரியின் நீரைக் கொள்ளும் இடம் என்றுதானே அந்த ஆற்றின் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். கொள்ளவும் செய்யும், ஓடவும் விடும்.

அத்தை ஸ்ரீரங்கத்துக்காரர். முட்டையை உரித்துக்கொண்டே சொன்னார்: "கொள்ளிடத்தில் பாதி நாள் மணல்தானே இருக்கும்?"

துளையிடுகிறவர்களின் பயமும் அதுதான் என்றேன்.